சுவரைப் பிடித்துக்கொண்ட கோடுகள்

எங்கள் முஹல்லாப் பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். தரைக்கு வெள்ளை மார்பிள், அதில் ஸஃப் நிற்கும் இடங்களில் கறுப்புக் கிரானைட்டில் ஒல்லியாகப் பட்டை பதிப்பது என்று ஜமாஅத்தில் முடிவாகியிருந்தது. ஸஃப் என்றால் தொழுகையில் தோளோடு தோள் நிற்கிற வரிசை. பாய் விரித்தால் விலகும், கார்ப்பெட் போட்டால் நம் வேர்வைக்கு நாறும், கல்லில் பதித்துவிட்டால் பேரப்பிள்ளைகள் காலம்வரைக்கும் இருக்கும் என்றார்கள். வரைபடத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கம்ப்யூட்டரில் வரைகிற இடத்தில் வேலை பார்க்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கே நான் என்ன செய்கிறேன் என்பது தெரியாது.

நான் படித்தது ஐ.டி.ஐ. பெருங்களத்தூர் தாண்டி ஒரு தகடு வெட்டும் பட்டறையில் இருக்கிறேன். மெஷின்களுக்கு மூடி, பிராக்கெட், பெட்டி என்று செய்வோம். லேசருக்குப் போகிற வரைபடத்தைச் சரிபார்த்து, மடிப்பு அளவு போட்டு அனுப்புவது என் பாடு. திரையில் பொருளை முழு உருவமாக எழுப்புவது பக்கத்து மேசையில் இருக்கும் ஒரு தங்கை. உடன்பிறந்தவர் இல்லை, பழக்கத்தில் தங்கை. சேலையூர் பக்கம் வீடு, கிறிஸ்தவக் குடும்பம். எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்துதான் போனை எடுப்பார். வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்கு எழுந்து போனால் என் மேசையை அவர் பார்த்துக்கொள்வார். யாரும் பேசி வைத்துக்கொள்ளாத ஏற்பாடு அது. பள்ளிவாசல் அளவுகளை என் கையில் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானங்களில் நானே போட்டுத் தருகிறேன் என்று அவராகவே வாங்கிக்கொண்டார். காசு பேச்சை எடுத்தேன். சாமி காரியத்துக்குக் காசா என்று முறைத்தார்.

அவர் வரைகிற விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஒரு பெட்டி இருக்கிறது, அதன் மேல் மூடி வரைய வேண்டும் என்று வையுங்கள். மூடியைத் தனியாக அளந்து வரைவது ஒரு வழி. பெட்டியின் விளிம்பையே மூடி வரைகிற தாளில் இறக்கிக்கொள்வது இன்னொரு வழி. கார்பன் வைத்து எடுத்த மாதிரி அந்த விளிம்பு வேறு நிறத்தில் வந்து விழும். இதைப் பட்டறையில் ப்ராஜெக்ட் பண்ணுவது என்போம். கார்பன் பிரதியில் உயிர் கிடையாது. இதில் உண்டு. நாளைக்குப் பெட்டியை ஒரு விரற்கடை அகலமாக்கினால், இறக்கிய கோடும் தானாக அகலும். அந்தக் கோட்டை வைத்துப் போட்ட மூடியும் அகலும். மூடியில் போட்ட துளைகளும் நகர்ந்துகொள்ளும். தாய் எங்கே போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் போகிற மாதிரி. வேலை மிச்சம், அளவு தப்பாது. அதனால் அந்தத் தங்கை எதையும் தனியாக நிற்க விடமாட்டார். ஒவ்வொரு கோட்டையும் ஏதாவது ஒரு விளிம்போடு கட்டிப்போடுவார்.

பள்ளிவாசலையும் அப்படித்தான் போட்டார். சுவர்களை எழுப்பினார். மேற்குச் சுவரின் உள்விளிம்பைத் தரைக்கு இறக்கினார். அதற்கு இணையாக ஒன்றன்பின் ஒன்றாக ஸஃபுக் கோடுகள். சுவரிலேயே மிஹ்ராப், அதாவது இமாம் நின்று தொழவைக்கும் மாடம். பழைய கட்டடத்தின் மேற்குச் சுவர் கிப்லாவுக்கு, அதாவது தொழும்போது நாங்கள் முகம் திருப்பி நிற்கிற கஅபாவின் திசைக்கு, நேராகவே இருந்ததால் முதல் வரைபடம் சரியாகவே இருந்தது.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதுதான் மாற்றம் வந்தது. மேற்கே தெருவோரம் போகிற மழைநீர்க் கால்வாய் கொஞ்சம் சாய்ந்து போனது. சுவரைப் பழையபடி எடுத்தால் சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு முக்கோணம் வீணாகும் என்று, சுவரைக் கால்வாயோடு ஒட்டித் திருப்பினார்கள். அதனால் கிப்லா தப்புமா என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. சுவர் எந்தப் பக்கம் போனால் என்ன, ஸஃபு கிப்லாவுக்குத்தானே நிற்கப்போகிறது? எங்களுக்கு அது பேசவே தேவையில்லாத சங்கதி. புது அளவை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கை ஒரே ஒரு எண்ணை மாற்றினார். சுவர் திரும்பியது, மிஹ்ராப் திரும்பியது, கோடுகள் அத்தனையும் ஒரே மூச்சில் திரும்பி நின்றன. எங்கும் ஒரு இடைவெளி இல்லை, ஒரு பிசிறு இல்லை. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. அந்த வரைபடம் கல் கடைக்குப் போனது.

இமாம் தொழுகையில் ஒரு ரக்அத்தை, தொழுகையின் ஒரு சுற்றை, மறந்துவிட்டால் பின்னால் நிற்கிறவர் ‘சுப்ஹானல்லாஹ்’ என்று குரல் கொடுப்பார். இமாம் திருத்திக்கொள்வார். எங்கள் வரிசைகளில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. திரையில் இருக்கிற வரிசைகளில் அது கிடையாது. முன்னால் இருப்பது திரும்பினால் பின்னால் இருப்பவை வாய் திறக்காமல் திரும்பும். எல்லாம் சேர்ந்து திரும்பிவிடுவதால், பார்க்கிறவர் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது.

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையைப் புதுப் பள்ளியில் தொழுதுவிட வேண்டும் என்பது எல்லோருடைய ஆசையும். நடுவில் இருந்தது ஒரு வாரமும் சில நாளும். கறுப்புப் பட்டைகள் வந்து, கலவை போடாமல் தரையில் சும்மா பரப்பி வைத்திருந்தார்கள். மேஸ்திரி மறுநாள் காலை பதிக்கத் தயாராக இருந்தார். பதித்து முடித்த கையோடு வேறு ஊரில் அவருக்கு வேலை இருந்தது. எங்கள் ஹஜ்ரத், பள்ளியின் இமாம், பதிப்பதற்கு முன்னால் திசையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். போனில் இருக்கிற திசைகாட்டியை எடுத்தார்கள். தூணுக்குள் இருக்கிற கம்பி இழுத்து, ஒவ்வொருவர் போனும் ஒவ்வொரு கிப்லாவைக் காட்டியது. அப்போது ஹஜ்ரத் சொன்னார், நல்லவேளை, நாளே கையில் இருக்கிறது என்று.

வருஷத்தில் இரண்டு தடவை சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். அந்த நிமிஷத்தில் உலகத்தில் எங்கே வெயில் இருந்தாலும், வெயிலைப் பார்த்து நின்றால் கிப்லாவைப் பார்த்து நிற்கிறோம் என்று அர்த்தம். நம் ஊரில் அது பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னால் வரும். அந்த இரண்டில் ஒன்று அன்றைக்குத்தான் விழுந்தது. கத்திரி வெயில், மேகம் துளி இல்லை. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு நாங்கள் நாலைந்து பேர் மேற்குச் சுவர் ஜன்னலில், இன்னும் கம்பி வைக்காத இடத்தில், மேஸ்திரியின் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டோம். நூலின் நிழல் தரையில் விழுந்தது. ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டியதும் நான் சாக்பீஸால் அந்த நிழலின்மேல் கோடு போட்டேன். மேஸ்திரி மூலைமட்டத்தின் ஒரு கையைக் கோட்டில் பொருத்தினார். மறு கை கறுப்புப் பட்டையோடு ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி விலகிப் போயின. கடிகாரத்தில் ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருக்கிற சாய்வுதான். ஆனால் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போகும்போது ஒரு ஆள் படுக்கிற அகலம் ஆகிவிட்டது.

ஜமாஅத் செயலாளர், இரும்புக் கடை வைத்திருப்பவர், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நம்ம ஆளுங்கள்ல ஒருத்தன்கூடவா கெடைக்கல உனக்கு? சர்ச்சுக்குப் போற பொண்ணுகிட்ட போயி கிப்லாவ குடுத்துட்டு வந்துகீற.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இருந்தாலும் அது அல்லாஹ்வின் வீடு, ஹஜ்ரத்தும் பக்கத்தில் நிற்கிறார்.

“கிப்லாவ யாரும் குடுக்கவே இல்ல பாய். அதான் விஷயம். சுவர் நீளம் குடுத்தோம், ஜன்னல் உயரம் குடுத்தோம், ஒளு செய்யற கொழாய் எத்தினின்னு குடுத்தோம். கிப்லா எந்தப் பக்கம்னு நீங்களும் சொல்லல, நானும் சொல்லல.”

செயலாளர் வேறு வழியில் வந்தார். இந்தச் சின்னச் சாய்வுக்குத் தொழுகை கூடாமல் போய்விடுமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டார். கூடும், சந்தேகமே வேண்டாம் என்றார் ஹஜ்ரத். அப்படியானால் இருக்கிறபடியே பதித்துவிடலாமே, பெருநாளும் நெருங்கிவிட்டது, கோட்டைச் சாய்த்தால் ஓரங்களில் இடம் வீணாகி ஆள் நிற்கிற இடமும் குறையும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேஸ்திரி மூலைமட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் பங்குக்கு ஒன்று சொன்னார்.

“எனக்கு இன்னா பாய், எந்தப் பக்கம் சொன்னாலும் போட்டுர்றேன். ஆனா காலைல கலவ போட்டுட்டா அப்பால கடப்பாறதான்.”

ஹஜ்ரத் பரப்பியிருந்த பட்டைகளைத் தாண்டித் தாண்டி அந்த ஓரம் வரைக்கும் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“தெரியாம நின்னா ரப்பு மன்னிச்சிடுவான். தெரிஞ்சே கல்லுல பதிச்சிட்டோம்னா, நமக்கப்புறம் வர்றவன் காலாகாலத்துக்கும் தெரியாமலே நிப்பான். அவனுக்கு நாம என்ன பதில் சொல்றது?”

அதோடு பேச்சு முடிந்தது. மறுநாள் காலைக்குள் புது வரைபடம் வேண்டும். நான் வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் அவர் இடைமறித்து ஒன்றே ஒன்று கேட்டார்: கோடுகள் எதற்கு நேராக இருக்க வேண்டும்? சுவருக்கு இல்லையா? நான் இல்லை என்றேன். பட்டறை விட்டதும் லேப்டாப்போடு வருகிறேன் என்றார்.

மாலை அஸர் தொழுது முடித்து நாங்கள் வெளியே நிற்கும்போது ஸ்கூட்டியில் வந்தார். செருப்பைத் தள்ளி விட்டு, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்று வாசலிலேயே நின்று கேட்டார். ஹஜ்ரத் தாராளமாக வாங்க என்றார். சாக்பீஸ் கோட்டைக் காட்டினேன். நிழல் எப்போதோ நகர்ந்துவிட்டது; கோடு மட்டும் இருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்த எடத்துல எதுண்ணா அசையவே அசையாது?”

“இந்தக் கோடுதான்மா. சுவரை இடிச்சாலும், பள்ளியையே இடிச்சாலும் இது இப்படித்தான்.”

“இதத்தாண்ணா நீங்க மொதல்ல சொல்லியிருக்கணும். நாங்க சர்ச்சுல ஆல்டரப் பாத்து நிப்போம். ஆல்டர் எந்தச் சுவத்துல இருக்கோ அந்தப் பக்கம். நாளைக்கே அத எடுத்து வேற சுவத்துல வெச்சா நாங்களும் திரும்பிக்குவோம். நீங்களும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன்.”

எனக்கு அவர் சொன்னது புதிதாக இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் ஐந்து வேளை எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஏன் அந்தப் பக்கம் என்று அவர் கேட்டதில்லை. அவர்கள் எதைப் பார்த்து நிற்கிறார்கள் என்று நானும் கேட்டதில்லை.

செயலாளர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். கடையில் ஆள் அனுப்பி ரோஸ் மில்க்கும் வாங்கி வரச் சொன்னார். தங்கை நாற்காலியில் லேப்டாப்பை வைத்துவிட்டு, தான் ஒரு சிமெண்ட் மூட்டையின்மேல் உட்கார்ந்தார். சாக்பீஸ் கோட்டின் இரண்டு முனைக்கும் சுவரிலிருந்து டேப் பிடித்து அளவு சொன்னேன். அந்தக் கோட்டைத் தரையில் தனியாக வரைந்து, எதோடும் கட்டாமல் அசையாதபடி பூட்டினார். பிறகு சுவரின் விளிம்பிலிருந்து இறக்கிய கோட்டின் தொடுப்பை அறுத்தார். பாதித் திரை சிவந்துவிட்டது. தோளுக்குப் பின்னால் நின்ற செயலாளர் பதறிவிட்டார்.

“இன்னாமா, அல்லாம் போச்சா?”

“எதுவும் போகல பாய். பிடிச்சிக்க ஆள் இல்லாம நிக்குதுங்க. இருங்க.”

ஒவ்வொன்றாகத் தொட்டு, புதுக் கோட்டுக்குச் செங்குத்தாகக் கட்டினார். சிவப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லாத் தொடுப்பையும் அறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பட்டைகள் சுவரில் போய் முட்டுகிற முனைகளுக்கு வந்ததும், அந்தச் சுவர் விளிம்புகளை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். இதையும் அறுத்துவிட வேண்டாமா என்று கேட்டேன்.

“வேணாண்ணா. எவ்ளோ நீளம்னு சுவர் சொல்லட்டும். எந்தப் பக்கம்னு மட்டும் அது சொல்ல வேணாம்.”

கடைசியாக ஒரு சோதனை செய்து காட்டினார். மேற்குச் சுவரின் சாய்வு எண்ணை எடுத்து வேண்டுமென்றே தாறுமாறாக மாற்றினார். திரையில் சுவர் கதவு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஓரத்தில் பட்டைகளின் முனை நீண்டது, குறைந்தது. வரிசைகள் ஒரு இம்மிகூடத் திரும்பவில்லை. என்னை அறியாமல் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அதே நேரம் அவரும் ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தார். ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே தாடியைத் தடவினார். செயலாளர் மட்டும் இன்னொரு தரம் ஆட்டிக் காட்டச் சொன்னார். ஆட்டிக் காட்டினார். செயலாளர் ரோஸ் மில்க்கை எடுத்து முதலில் தங்கைக்குக் கொடுத்தார்.

மிஹ்ராப் மாடம் கான்கிரீட்டில் எழும்பிவிட்டதால் அதைத் திருப்ப முடியாது. மாடத்துக்குள் ஒட்டுகிற மார்பிளை மட்டும் சாக்பீஸ் கோட்டுக்கு நேராக வைத்து, பின்னால் இடைவெளியைக் கலவையால் நிரப்பச் சொன்னோம். பட்டைகள் பெரும்பாலும் வீணாகவில்லை. இடைவெளி அதே இடைவெளி, அகலம் அதே அகலம். முனைகளைச் சாய்த்து வெட்டினால் போதும். அதை மேஸ்திரி அங்கேயே கட்டரை வைத்து வெட்டினார். காது அடைத்தது, தூசி, தொழுமுன் கைகால் கழுவுகிற ஹவுஸ் தொட்டி வரைக்கும் போனது. கடைசி வரிசை ஒரு பக்கம் பாதியோடு நின்றுபோனது. அதைப் பற்றிச் சிலருக்கு வருத்தம் இருந்தது. ஊருக்குப் போகும் முன் மேஸ்திரி கடைசிப் பட்டையைப் பதித்து, ஈரச் சாக்கால் துடைத்து, எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவருக்குக் கோணலாக ஓடுகிற கறுப்புக் கோடுகளைப் பார்த்து, தெரியாதவன் வந்தால் என்னைத்தான் பாய் திட்டுவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெருநாள் காலை எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். தக்பீர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர்களில் சிலர் பழக்கத்தில் சுவரைப் பார்த்து நேராக நின்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். செயலாளர் வந்தவர்களுக்கெல்லாம் இடம் காட்டிவிட்டுக் கடைசியில் தனக்கு இடம் தேடினார். சுவரும் பட்டையும் கூடுகிற அந்தக் குறுகலான ஓரம்தான் மிச்சம். அங்கே போய் ஒரு தோளைச் சுவரில் உரசிக்கொண்டு நின்று, தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார்.

“எனக்குன்னு பாத்து வரைஞ்சியா?”

மேலிருந்து ஒரு படம் வேண்டும் என்று தங்கை முன்னாலேயே கேட்டிருந்தார். கூட்டம் நிறைவதற்கு முன்னால் மாடிப்படியில் பாதி ஏறி, தரை முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து, பெருநாள் பிரியாணி வீட்டுக்கு வரும் என்று எழுதி அனுப்பியிருந்தேன். நான் வரிசையில் வந்து நின்றபோது பதில் வந்தது. இப்போது சுவர்தான் கோணலாகத் தெரிகிறது அண்ணா என்று எழுதியிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. போனை அணைத்து ஜிப்பாவில் போட்டேன். ஸஃபைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று ஹஜ்ரத் சொன்னார். குதிகாலைக் கறுப்புக் கல்லில் வைத்து, தொழுகைக்கு நிய்யத் வைத்தேன்.